பெல்லினி சோதனை: நோய் தள்ளிப்போனது, இறப்பு ஏன் கூடியது?

2019 மார்ச் 21 அன்று அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் (எஃப்.டி.ஏ.) மருத்துவர்களுக்கும் நோயாளிகளுக்கும் ஓர் எச்சரிக்கை வெளியிட்டது. மல்டிபிள் மைலோமா (எலும்பு மஜ்ஜையின் பிளாஸ்மா செல்களில் வரும் ரத்தப் புற்றுநோய்) நோயாளிகளுக்கு வெனிடோகிளாக்ஸ் மாத்திரையைக் கொடுத்துப் பார்த்த பெல்லினி சோதனையின் இடைக்கால முடிவுதான் அதற்குக் காரணம். மருந்து பெற்ற 194 பேரில் 41 பேர் இறந்திருந்தார்கள். வெற்று மாத்திரை பெற்ற 97 பேரில் இறந்தவர்கள் 11 பேர். அதே சோதனையில், அதே ஆட்களிடம், நோய் மறுபடி தலைதூக்காமல் இருந்த காலம் மருந்து பெற்றவர்களுக்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு.

இந்த இரண்டு செய்தியும் உண்மை. இரண்டும் எப்படி ஒன்றாக நிற்கின்றன என்று புரிந்துகொண்டால் மைலோமா மருந்துச் சோதனை எதையும் படிக்கக் கை பழகிவிடும். அதனால்தான் இதை விரித்துப் பார்க்கிறோம்.

மருந்து எதைத் தொடுகிறது

பழுதான செல் தன்னைத்தானே அழித்துக்கொள்ளும் ஏற்பாடு உடலில் உண்டு. அந்த அழிவைத் தடுத்து நிறுத்தும் காவல் புரதங்களில் மூன்று மைலோமாவில் முக்கியமானவை: பிசிஎல்-2, எம்சிஎல்-1, பிசிஎல்-எக்ஸ்எல். எலும்பு மஜ்ஜையில் கட்டுமீறிப் பெருகும் பிளாஸ்மா செல் இவற்றில் எதை நம்பி உயிர்வாழ்கிறது என்பது ஆளுக்கு ஆள் மாறும். பெரும்பாலான மைலோமா செல்கள் எம்சிஎல்-1 மீதுதான் சாய்ந்திருக்கின்றன. வெனிடோகிளாக்ஸ் அதைத் தொடாது. பிசிஎல்-2 ஒன்றை மட்டுமே அடைக்கும்.

பிசிஎல்-2 மீது சாய்ந்திருக்கும் மைலோமா ஒரு வகை உண்டு. 11ஆம் குரோமோசோமும் 14ஆம் குரோமோசோமும் துண்டு மாற்றிக்கொண்ட செல்கள் அவை. இந்த இடமாற்றத்தை டி(11;14) என்று அறிக்கையில் எழுதுவார்கள். மைலோமா நோயாளிகளில் ஐந்தில் ஒருவருக்கோ அதற்குச் சற்றுக் குறைவாகவோ இது இருக்கும்.

மருந்தைத் தனியாகக் கொடுத்துப் பார்த்த முதல் கட்டச் சோதனையிலேயே இது தெரிந்தது. பல மருந்துகள் பார்த்து ஓய்ந்த 66 பேர் அதில் இருந்தார்கள். 14 பேருக்குப் பலன் கிடைத்தது. அந்த 14 பேரில் 12 பேர் டி(11;14) உள்ளவர்கள். அதாவது, இடமாற்றம் இருந்த 30 பேரில் 12 பேருக்குப் பலன், மற்ற 36 பேரில் இருவருக்குத்தான். 2017இல் ‘பிளட்’ இதழில் வந்த இந்தக் கணக்கை ஓர் ஓரமாகக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்; கடைசிவரை தேவைப்படும்.

அப்படியென்றால் பெல்லினியை எல்லா நோயாளிகளுக்கும் திறந்துவிட்டது ஏன்? அதற்கும் ஒரு நியாயம் இருந்தது. மைலோமாவுக்கு வழக்கமாகப் போடும் ஊசி மருந்தான போர்டெசோமிப் கொடுத்தால் செல்லுக்குள் நோக்சா என்ற புரதம் சேர்ந்து எம்சிஎல்-1ஐ முடக்கும். ஸ்டீராய்டு மருந்தான டெக்சாமெத்தசோன் கொடுத்தால் செல் பிசிஎல்-2 பக்கம் சாயும். இரண்டையும் கொடுத்துவிட்டு வெனிடோகிளாக்ஸால் பிசிஎல்-2ஐ அடைத்தால், இடமாற்றம் இல்லாத செல்லுக்கும் தப்பிக்க வழி இருக்காது என்பதுதான் எண்ணம். மூன்றையும் சேர்த்துக் கொடுத்த முதல் கட்டச் சோதனையிலும் 66 பேர். மொத்தத்தில் 67 சதவீதம் பேருக்குப் பலன். போர்டெசோமிப்புக்கு எதிர்ப்பு வளராத, ஒன்றிலிருந்து மூன்று சிகிச்சை மட்டுமே பார்த்த பிரிவில் அது 97 சதவீதம். இந்த 97தான் பெல்லினியில் யாரைச் சேர்ப்பது என்பதைத் தீர்மானித்தது. ஆனால் அது ஒப்பிட மறுதரப்பு இல்லாத சின்னச் சோதனையின் ஒரு பிரிவு. மருந்து வேலை செய்யுமா என்பதற்கு அது பதில் சொல்லும். மருந்தைச் சேர்ப்பதால் இறப்பு கூடுமா குறையுமா என்பதற்கு அதனிடம் பதில் இருக்க முடியாது.

சோதனையின் அமைப்பு

2016 ஜூலை முதல் 2017 அக்டோபர் வரை 16 நாடுகளின் 90 மருத்துவமனைகளில் 291 பேரைச் சேர்த்தார்கள். எல்லாருமே ஒன்றிலிருந்து மூன்று சிகிச்சை வரை பார்த்து, பிறகு நோய் திரும்பியவர்கள் அல்லது அடங்காதவர்கள். மூன்றில் இரண்டு பங்குப் பேருக்கு வெனிடோகிளாக்ஸ், ஒரு பங்குக்கு வெற்று மாத்திரை. யாருக்கு எது என்று நோயாளிக்கும் தெரியாது, மருத்துவருக்கும் தெரியாது. போர்டெசோமிப்பும் டெக்சாமெத்தசோனும் இரு தரப்புக்கும் பொது.

வெனிடோகிளாக்ஸ் அளவு தினமும் 800 மி.கி. நாள்பட்ட லிம்ஃபோசைட் ரத்தப் புற்றுநோய்க்கு (சி.எல்.எல்.) இதே மருந்தின் முழு அளவு 400 மி.கி.தான். அதற்கும் 20 மி.கி.யில் தொடங்கி ஐந்து வாரமாக ஏற்றுவார்கள். விற்பனையில் உள்ள மாத்திரையில் பெரியது 100 மி.கி., ஆக 800 என்றால் ஒரு வேளைக்கு எட்டு மாத்திரை. சாப்பாட்டோடு போட வேண்டும். வெறும் வயிற்றில் போட்டால் ரத்தத்தில் சேரும் அளவு பல மடங்கு குறைந்துவிடும்.

போர்டெசோமிப் சதுர மீட்டர் உடற்பரப்புக்கு 1.3 மி.கி. முதல் எட்டுச் சுற்றும் 21 நாள் சுற்றுகள். ஊசி 1, 4, 8, 11ஆம் நாட்களில். டெக்சாமெத்தசோன் 20 மி.கி., ஊசி போடும் நாளிலும் மறுநாளும். ஒன்பதாம் சுற்றிலிருந்து சுற்றுக்கு 35 நாள். ஊசி வாரம் ஒன்றாக 1, 8, 15, 22ஆம் நாட்களில்.

‘நோய் முன்னேறியது’ என்று எப்போது எழுதுகிறார்கள்

சோதனையின் முதன்மை அளவுகோல், நோய் முன்னேறாமல் கடந்த காலம். ஒருவருக்கு நோய் முன்னேறிய நாள் அல்லது அவர் இறந்த நாள், எது முந்தியோ அது கணக்கில் வரும். மைலோமாவில் கட்டியை அளந்து இதைச் சொல்வது அபூர்வம். பெரும்பாலும் நோய்ச் செல்கள் சுரந்து ரத்தத்தில் சேரும் எம் புரதத்தை வைத்துத்தான் சொல்வார்கள்.

சர்வதேச மைலோமா பணிக்குழுவின் விதி இப்படி. சிகிச்சையில் எம் புரதம் தொட்ட மிகக் குறைந்த அளவிலிருந்து 25 சதவீதம் ஏற வேண்டும். அந்த ஏற்றம் டெசிலிட்டருக்கு 0.5 கிராமாவது இருக்க வேண்டும். ஒருவருக்கு 3.8 கிராமில் தொடங்கி 1.2 வரை இறங்கியது என்று வைத்துக்கொள்வோம். 1.2இல் 25 சதவீதம் 0.3தான். 1.5 வந்ததும் முன்னேற்றம் என்று எழுத முடியாது, 1.7 வர வேண்டும். இன்னொருவருக்கு 4.0 வரைதான் இறங்கியது என்றால் 25 சதவீதமே 1.0, அவருக்கு 5.0 வர வேண்டும். அதோடு முடியாது, மறுபடி ஒரு முறை பரிசோதித்து உறுதி செய்ய வேண்டும். எம் புரதம் சிறுநீரில் மட்டும் வருபவர்களுக்கு 24 மணி நேரச் சிறுநீரில் 200 மி.கி. ஏற்றம் தேவை. புது எலும்புப் புண் தெரிந்தால் புரத எண் என்னவாக இருந்தாலும் முன்னேற்றம்தான்.

‘உறுதி செய்ய வேண்டும்’ என்ற அந்தச் சின்ன நிபந்தனை, அடுத்து வந்த ஒரு சோதனையின் தலையெழுத்தையே மாற்றியது. அதற்குப் பிறகு வருவோம்.

முடிவு

நடுமதிப்பாக 18.7 மாதக் கண்காணிப்பில், நோய் முன்னேறாமல் கடந்த காலத்தின் நடுமதிப்பு வெனிடோகிளாக்ஸ் தரப்பில் 22.4 மாதம், மறுதரப்பில் 11.5 மாதம். ஆபத்து விகிதம் (இரு தரப்பிலும் நிகழ்வு நேரும் வேகத்தின் ஒப்பீடு; ஒன்றுக்குக் கீழே என்றால் மருந்துத் தரப்புக்குச் சாதகம்) 0.63. பலன் கிடைத்தவர்கள் 82 சதவீதம், மறுதரப்பில் 68. லட்சம் செல்லில் ஒரு நோய்ச் செல்கூடத் தென்படாத நிலையை அடைந்தவர்கள் 13 சதவீதம். மறுதரப்பில் ஒரே ஒரு சதவீதம். சோதனைக்கு முன்பே குறித்த இலக்கு எட்டப்பட்டுவிட்டது. வேறு சூழலாக இருந்தால் மருந்து நிறுவனம் இந்த எண்களோடு அனுமதிக்கு விண்ணப்பித்திருக்கும்.

இறப்புக் கணக்கு வேறு கதை சொன்னது. 41, 11 என்ற எண்களை நேராக ஒப்பிடக்கூடாது. ஒரு தரப்பில் ஆட்கள் இரு மடங்கு. சதவீதத்தில் 21.1, 11.3. இறப்பு மறுதரப்பைப் போலவே இருந்திருந்தால் 194 பேரில் 22 பேர் இறந்திருப்பார்கள்; இறந்தது 41. ஆபத்து விகிதம் 2.03, நம்பிக்கை இடைவெளி (உண்மை மதிப்பு இருக்கக்கூடிய எல்லை) 1.04 முதல் 3.94 வரை. இடைவெளியின் கீழ் முனை ஒன்றைத் தாண்டி நின்றதால் இதைத் தற்செயல் என்று ஒதுக்க முடியவில்லை.

நோய் முன்னேறாத காலக் கணக்கில் இறப்பும் ஒரு நிகழ்வுதானே, அப்படியிருக்க அந்தக் கணக்கு எப்படி நன்றாக வந்தது? வாசகர்கள் அடிக்கடி தடுமாறும் இடம் இது. கணக்குக்காகத் தரப்புக்கு 100 பேர் என்று வைப்போம். வெற்று மாத்திரைத் தரப்பில் 60 பேருக்கு நோய் முன்னேறியது, முன்னேறாமலே 2 பேர் இறந்தார்கள்; மொத்தம் 62 நிகழ்வு. மருந்துத் தரப்பில் 35 பேருக்கு முன்னேறியது, 8 பேர் இறந்தார்கள், மொத்தம் 43. மருந்து வெற்றி. இறப்பு நான்கு மடங்கானதை முன்னேற்றத்தில் கிடைத்த குறைவு மூடிவிட்டது. போதாததற்கு, நோய் முன்னேறிய பிறகு நிகழும் இறப்பு இந்தக் கணக்குக்குள் வரவே வராது. ஒருவருக்கு ஒரு நிகழ்வோடு கணக்கு முடிந்துவிடும்.

இது பெல்லினிக்கு மட்டும் நேர்ந்ததல்ல. மெல்ஃப்ளூஃபென் மருந்தைப் பார்த்த ஓஷன் சோதனையில் நோய் முன்னேறாத காலம் 4.9 மாதத்திலிருந்து 6.8 ஆனது, மொத்த ஆயுளின் நடுமதிப்போ 25 மாதத்துக்கு எதிரே 19.8. 2021 பிப்ரவரியில் விரைவு அனுமதி பெற்ற மருந்து அதே ஆண்டு அக்டோபரில் அமெரிக்கச் சந்தையிலிருந்து விலக்கப்பட்டது. அதற்கும் முன்பு 2017 ஜூலையில், பெம்ப்ரோலிசுமாப்பை மைலோமா மருந்துகளோடு சேர்த்துப் பார்த்த கீநோட்-183, கீநோட்-185 இரண்டையும் எஃப்.டி.ஏ. நிறுத்தச் சொன்னது. முதலாவதில் இறப்பு மருந்துத் தரப்பில் 29, மறுதரப்பில் 21; இரண்டாவதில் 19, மறுதரப்பில் 9. ஆக, 2019இல் பெல்லினி எண்கள் மேசைக்கு வந்தபோது கண்காணிப்பவர்கள் ஏற்கெனவே சூடுபட்டவர்கள். எச்சரிக்கை தாமதமில்லாமல் வந்ததற்கு அந்த அனுபவமும் காரணம் என்றே தோன்றுகிறது.

எதனால் இறந்தார்கள்

2020இல் ‘லான்செட் ஆன்காலஜி’யில் மேயோ கிளினிக்கின் ஷாஜி குமார் முதன்மை ஆசிரியராக வெளிவந்த கட்டுரை விவரம் தருகிறது. கிருமியை எதிர்க்கும் வெள்ளணுவான நியூட்ரோஃபிலின் கடுமையான குறைவு 18 சதவீதம் பேருக்கு, மறுதரப்பில் 7. கடுமையான நிமோனியா 16, மறுதரப்பில் 9. சிகிச்சைக் காலத்தில் தொற்றால் இறந்தவர்கள் வெனிடோகிளாக்ஸ் தரப்பில் எட்டுப் பேர், மறுதரப்பில் ஒருவரும் இல்லை. மருந்தால்தான் என்று கருதப்பட்ட இறப்பு மூன்று: இரண்டு நிமோனியா, ஒன்று ரத்தத்தில் தொற்று பரவி ஏற்பட்ட அதிர்ச்சி நிலை.

இதற்கு உயிரியல் விளக்கம் நேரடியானது. நோய் எதிர்ப்பு வெள்ளணுவில் ஒரு வகையான ஆரோக்கியமான பி லிம்ஃபோசைட்டும் உயிர்வாழ பிசிஎல்-2ஐத்தான் நம்பியிருக்கிறது. மைலோமா நோயாளிக்கு நல்ல ஆன்டிபாடி ஏற்கெனவே குறைவு. போர்டெசோமிப் உடலில் உறங்கும் சின்னம்மை நச்சுயிரியை எழுப்பி அக்கியை வரவைக்கும். டெக்சாமெத்தசோன் காய்ச்சலையே மறைத்துவிடும். இதன் மேல் நியூட்ரோஃபிலும் இறங்கினால், காலையில் லேசான இருமலோடு இருந்தவர் இரவில் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருப்பார்.

ஆனால் தொற்று மட்டுமே முழுக் காரணம் என்று சொல்லிவிட முடியாது. மிகுதியாக நிகழ்ந்த இறப்பு ஏறக்குறைய 19, தொற்று இறப்பு எட்டு. மீதி இறப்புகளில் நோய் முன்னேறிய பின் நிகழ்ந்தவையும் உண்டு. தொற்றைத் தடுத்துவிட்டால் போதும், மருந்து எல்லாருக்கும் ஆகும் என்ற முடிவுக்கு அவசரப்பட்டு வரக்கூடாது என்பதற்கு இந்தக் கழித்தல் கணக்கு போதும்.

தொற்றைத் தடுப்பதைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுவது நல்லது, ஏனென்றால் வெனிடோகிளாக்ஸ் இல்லாத மைலோமா நோயாளிக்கும் இது பொருந்தும். பிரிட்டனில் நடந்த டீம் சோதனையில், புதிதாக நோய் கண்டறியப்பட்ட 977 பேரில் பாதிப் பேருக்குச் சிகிச்சையின் முதல் 12 வாரம் லீவோஃப்ளாக்சசின் என்ற ஆன்டிபயாடிக் 500 மி.கி. தினமும் கொடுத்தார்கள். காய்ச்சலோ இறப்போ நேர்ந்தவர்கள் 27 சதவீதத்திலிருந்து 19ஆகக் குறைந்தார்கள். போர்டெசோமிப் போடுபவருக்கு அக்கியைத் தடுக்கும் அசைக்ளோவிர் அவசியம். ஆனால் வெனிடோகிளாக்ஸ் எடுப்பவருக்குத் தடுப்பு மருந்தைத் தேர்ந்தெடுப்பதில் ஒரு கண்ணி உண்டு: கிளாரித்ரோமைசின், போசகோனசோல் போன்றவை கல்லீரலில் இந்த மருந்து உடைவதைத் தடுத்து ரத்த அளவை ஏகமாக ஏற்றிவிடும். சிப்ரோஃப்ளாக்சசினும் ஓரளவு ஏற்றும். லீவோஃப்ளாக்சசினில் அந்தச் சிக்கல் இல்லை. கிரேப் ஃப்ரூட்டும் நட்சத்திரப் பழமும் அதே காரணத்தால் ஆகாது. உயிருள்ள கிருமி கொண்ட தடுப்பூசியும் கூடாது.

யாருக்கு உதவியது

டி(11;14) உள்ளவர்கள் பெல்லினியில் 35 பேர். 20 பேர் மருந்துத் தரப்பு, 15 பேர் மறுதரப்பு. இவர்களிடம் நோய் முன்னேறும் ஆபத்து விகிதம் 0.11. மொத்தக் கூட்டத்தில் 0.63 ஆக இருந்தது இங்கே 0.11! நம்பிக்கை இடைவெளி 0.02 முதல் 0.56 வரை, அகலம்தான், 35 பேரில் வேறு எப்படி வரும்? ஆனாலும் மேல் முனையே 0.56. பிசிஎல்-2 மரபணு ஓங்கியிருந்தவர்களிடமும் சாதகம் தெரிந்தது. இரண்டும் இல்லாதவர்களுக்குத்தான் பலனை விட ஆபத்து மேலோங்கியது.

முதல் கட்டத்தில் 14க்கு 12 என்று வந்த கணக்கு சொன்னதும் இதைத்தான். எங்கள் பார்வையில் பெல்லினியின் பிழை மருந்தில் இல்லை, வாசலில் இருந்தது. இடமாற்றம் உள்ளவர்களுக்கு மட்டும் திறந்திருக்க வேண்டிய வாசலை எல்லாருக்கும் திறந்தார்கள். இடமாற்றம் இல்லாதவர்களில் பலர் மருந்தின் சுமையை மட்டும் சுமந்தார்கள். அப்படித் திறக்க அன்று அறிவியல் காரணம் இருந்ததை மேலே பார்த்தோம். அந்தக் காரணத்தைச் சரிபார்க்க 291 பேர் தேவைப்பட்டார்கள் என்பதும் மறக்கக் கூடாதது.

எச்சரிக்கையோடு மைலோமாவில் நடந்துகொண்டிருந்த வெனிடோகிளாக்ஸ் சோதனைகளில் புதியவர்களைச் சேர்ப்பது நின்றது. ஏற்கெனவே பலன் பெற்றுவந்தவர்கள், ஆபத்தைச் சொல்லி மறுபடி ஒப்புதல் வாங்கிய பிறகு தொடரலாம் என்று விட்டார்கள். சி.எல்.எல். போன்ற அனுமதி பெற்ற பயன்பாடுகளை இது தொடவில்லை.

கனோவா: சரியான ஆட்கள், நழுவிய அளவுகோல்

திட்டத்தைத் திருத்திய பிறகு 2019 ஜூனில் கனோவா சோதனைக்கு மட்டும் தடை நீங்கியது. இதில் சேர்க்கப்பட்ட 263 பேரும் டி(11;14) உள்ளவர்கள், இரண்டு சிகிச்சையாவது பார்த்தவர்கள். ஒரு தரப்புக்கு வெனிடோகிளாக்ஸும் டெக்சாமெத்தசோனும். மறுதரப்புக்கு ஏற்கெனவே புழக்கத்தில் உள்ள மைலோமா மருந்தான பொமாலிடோமைடும் டெக்சாமெத்தசோனும். இம்முறை மறைப்பு இல்லை. யாருக்கு எது என்பது எல்லாருக்கும் தெரியும்.

2023 செப்டம்பரில் ஏதென்ஸில் நடந்த சர்வதேச மைலோமா சங்கக் கூட்டத்தில் முடிவு வந்தது. பலன் கிடைத்தவர்கள் 62 சதவீதம், மறுதரப்பில் 35. நோய் முன்னேறாத காலம் 9.9 மாதம், மறுதரப்பில் 5.8. ஆயுளின் நடுமதிப்பு 32.4 மாதம், மறுதரப்பில் 24.5. இத்தனைக்கும் பிறகு முதன்மை இலக்கு தவறியது: ஆபத்து விகிதம் 0.823, பி மதிப்பு 0.237 (தற்செயல் அல்ல என்று ஏற்க, வழக்கமாக 0.05க்குக் கீழே வர வேண்டும்).

இங்கேதான் ‘உறுதி செய்ய வேண்டும்’ என்ற விதி திரும்பி வருகிறது. எம் புரதம் ஏறத் தொடங்கியதைப் பார்க்கும் மருத்துவர், விதிப்படி எல்லையைத் தாண்டி மறுபரிசோதனையும் வரும்வரை நோயாளியைக் காத்திருக்க வைக்க மாட்டார்; அடுத்த சிகிச்சையைத் தொடங்கிவிடுவார். அது சரியான வைத்தியம். ஆனால் சோதனைக் கணக்கில் அந்த நோயாளிக்கு ‘முன்னேறியது’ என்ற பதிவு விழாது. கடைசியாகப் பார்த்த நாளோடு கணக்கிலிருந்து விலக்கப்படுவார், அதுவரை நன்றாக இருந்தவர் என்ற பெயரோடு. இப்படி விலகுபவர்கள் ஒரு தரப்பில் அதிகமானால் அந்தத் தரப்பு உள்ளதைவிட நன்றாகத் தெரியும். வேறு சிகிச்சை தொடங்கியதையும் ஒரு நிகழ்வாக எடுத்துத் திரும்பக் கணக்கிட்டபோது 9.1 மாதத்துக்கு எதிரே 4.9; ஆபத்து விகிதம் 0.651, பி மதிப்பு 0.003.

முடிவு தெரிந்த பிறகு போட்ட கணக்கு அது. அதை வைத்து எந்த ஒழுங்குமுறை அமைப்பும் அனுமதி தராது, தரவும் கூடாது. பிடித்த விடை வரும்வரை கணக்கைத் திருப்பிப் போடலாம் என்றாகிவிடும். ஆனால் அடுத்த சோதனையை எழுதுபவர்கள் இந்த விதியை முன்கூட்டியே திட்டத்தில் எழுதிவிட வேண்டும், மறைப்பு இல்லாத சோதனை என்றால் கட்டாயம் எழுத வேண்டும்.

ஆக, வெனிடோகிளாக்ஸுக்கு மைலோமாவில் எஃப்.டி.ஏ. அனுமதி இல்லை. மற்ற வழிகள் குறைந்த டி(11;14) நோயாளிகளுக்கு மருத்துவர்கள் அனுமதிக்கு வெளியே கொடுக்கிறார்கள். பிசிஎல்-2ஐ அடைக்கும் புதிய மருந்தான சொன்ரோடோகிளாக்ஸும் டி(11;14) உள்ளவர்களிடம் சோதிக்கப்படுகிறது. இந்த வழியில் எங்கே போக நினைத்தாலும் நோயாளி கையில் இருக்க வேண்டியது, குரோமோசோம் மாற்றங்களைக் கண்டறியும் ஃபிஷ் சோதனையின் அறிக்கை.

அந்த அறிக்கையிலும் வழுக்கும் இடங்கள் உண்டு. மஜ்ஜை உறிஞ்சும்போது முதல் இழுப்பில் வரும் மாதிரிதான் செறிவானது. அடுத்தடுத்த இழுப்பில் ரத்தம் கலந்துவிடும். ஃபிஷுக்கு ஹெப்பாரின் குழாய். ஆய்வகம் பிளாஸ்மா செல்லின் மேற்பரப்பில் உள்ள சிடி138 என்ற அடையாளப் புரதத்தைக் கொண்டு பிளாஸ்மா செல்களைப் பிரித்தெடுத்த பிறகே பார்க்க வேண்டும். பிரிக்காமல் பார்த்தால் நூறு செல்லில் நாலைந்துதான் பிளாஸ்மா செல்லாக இருக்கும், இடமாற்றம் இருந்தும் ‘இல்லை’ என்று வந்துவிடும். சில ஆய்வகங்கள் 17பி இழப்பு, டி(4;14), டி(14;16), 1க்யூ கூடுதல் என்று ஆபத்து மிகுந்த மாற்றங்களை மட்டும் பார்த்து நிறுத்திக்கொள்கின்றன; டி(11;14) அந்த வரிசையில் வராததால் சோதிக்கப்படாமலே போகும். ‘சோதிக்கவில்லை’ என்பதை ‘இல்லை’ என்று வாசித்துவிடக் கூடாது. டி(11;14) நோயின் தொடக்கத்திலேயே ஏற்படும் மாற்றம், பிறகு மறையாது. அதனால் முதலில் நோய் கண்டறிந்தபோது ‘உண்டு’ என்று வந்த பழைய அறிக்கை, ஆறு ஆண்டு கழித்து நோய் திரும்பும்போதும் செல்லும். 17பி இழப்பு அப்படியல்ல, இடையில் புதிதாக வரக்கூடியது. அதை ஒவ்வொரு முறையும் திரும்பப் பார்க்க வேண்டும்.